மூழ்கிய கலமும் மகிழ்ந்த மொழியும்: 'எம்டன்' மரபு பற்றிய ஒரு விமரிசன நோக்கு

போர்க்காலத்திலே பகைவனது வணிகக் கப்பலொன்று மூழ்கிவிட்டதென்னும் செய்தி வருங்கால் அதனைக் கேட்டு மகிழ்தல் அறமாகுமா? வினா எளிமையானதாகத் தோன்றும், விடை எளிதன்று. போர்க்கப்பல் மூழ்கும்போது போரிடுவோர் மாள்கின்றனர். வணிகக் கப்பல் மூழ்கும்போது அரிசியும் தேயிலையும் நிலக்கரியும் மூழ்குகின்றன. போரை வேண்டுமென்றோ வேண்டாமென்றோ எவராலும் கேட்கப்படாத மாலுமிகளும் அவற்றோடு மூழ்குகின்றனர். எனினும், பகைவனுக்கு வேண்டிய உணவும் எரிபொருளும் படைக்கலமும் அக்கப்பல்களிலேயே வருவதனால், அவற்றைத் தடுக்காது போரை முடித்தல் அரிது என்னும் வாதமும் வலிமையுடையதே. ஆதலின் மூழ்கடித்தல் என்னும் செயலுக்குச் சில சந்தர்ப்பங்களில் நியாயம் கற்பித்துவிடலாம். ஆனால் அச்செயலைக் கொண்டாடுதல் பிறிதொரு செயலாகும். அது கடலிலன்றி மொழியில் நிகழ்வது. பாட்டிலும் கதையிலும் பேச்சுவழக்கிலும் நிலைபெறுவது. எனவே அது போரியலாரைக் காட்டிலும் இலக்கிய விமரிசகரின் ஆராய்ச்சிக்கே பெரிதும் உரியதாகும்.

தமிழைப் பொறுத்தவரை இவ்வாராய்ச்சிக்கு ஒரு தனிச்சொல்லே வாயிலாக அமைகின்றது. 'அவன் பெரிய எம்டன்' என்று நம்மவர் கூறும்போது, சூழ்ச்சித்திறன் மிக்கவன், எவராலும் பிடிக்கமுடியாதவன், அச்சந்தருபவன் என்னும் பொருள்கள் ஒருங்கே புலப்படுகின்றன. இச்சொல் 1914ஆம் ஆண்டு வங்காள விரிகுடாவிலும் இலங்கையின் மேற்குக் கடலிலும் பிரித்தானிய வணிகக் கப்பல்களை வேட்டையாடிய ஜேர்மானியப் போர்க்கப்பல் ஒன்றின் பெயர். மலையாளத்தில் அது 'யமண்டன்' எனத் திரிந்து, மிகப்பெரியது என்னும் பொருளைப் பெற்றது. சிங்களத்தில் குறும்பு செய்யும் பிள்ளைகளை அச்சுறுத்தும் பெயராயிற்று. வணிகக் கப்பல்களின் அழிவைக் கொண்டாடிய ஒரு காலத்து மனநிலை, சொல்வடிவிற் படிமமாக உறைந்து நம்மிடையே எஞ்சியிருக்கின்றது. அப்படிமத்தை உடைத்து உள்ளே காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கடலைக் கண்ணாற் காணமுடியாத கண்டி மலைநாட்டிலிருந்து, சிறப்பாக மகியங்கனை வீதியில் தும்பறை மலைச்சரிவில் அமைந்த ஹுன்னஸ்கிரிய போன்ற தோட்டப்புறங்களை மனத்திற்கொண்டு, நாம் இதனை நோக்குகிறோம். அதற்கான காரணம் பின்னர்ப் புலனாகும்.

சொல்லின் வரலாறு

கார்ல் வொன் முல்லர் என்பாரின் தலைமையில் எம்டன் 1914 செப்டெம்பர் 10ஆந் திகதி முதல் வங்காள விரிகுடாவில் தன் வேட்டையைத் தொடங்கியது. ஐந்து நாள்களுக்குள் இண்டஸ், லொவாற், கிலின், டிப்ளொமற், ட்ரபொக், கிளான் மதீசன் ஆகிய ஆறு கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. அவற்றுள் டிப்ளொமற் கல்கத்தாவிலிருந்து தேயிலை ஏற்றிச் சென்றது. செப்டெம்பர் 22ஆந் திகதி இரவு சென்னைத் துறைமுகத்தின்மீது எம்டன் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா எண்ணெய்க் கம்பனியின் தாங்கிகள் தீப்பற்றி எரிந்தன. சிலர் மாண்டனர், துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பலொன்றைச் சேர்ந்தோரும் அவர்களுள் அடங்குவர். ஆயிரக்கணக்கான மக்கள் நகரை விட்டு வெளியேறினர். அதன்பின் அது இலங்கையைச் சுற்றி மேற்குக் கடலுக்கு வந்து, கொழும்பின் ஒளிவீச்சு விளக்குகள் தெரியுமளவு அண்மையில் நின்று, யாவாவிலிருந்து சீனி ஏற்றிச் சென்ற ரைமெரிக் முதலிய கப்பல்களை அழித்தது. நவம்பர் 9ஆந் திகதி கொக்கோஸ் தீவருகே அவுஸ்திரேலியக் கப்பலான சிட்னியால் அது அழிக்கப்படுவதற்கு முன்னர், இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் அதன் கையிற் சிக்கியிருந்தன.

சென்னையைத் தாக்கியதன் நோக்கம் இந்திய மக்களிடையே ஆர்வத்தைக் கிளப்புவதும், ஆங்கிலேயரின் வணிகத்தைக் குலைத்து அவர்தம் மதிப்பைக் குறைப்பதுமே என முல்லர் தமது அறிக்கையிற் குறிப்பிட்டார். அந்நோக்கம் நிறைவேறியமைக்குச் சொல்லே சான்று. கடலாதிக்கம் ஆங்கிலேயனுக்கு இயற்கையாகவே வாய்த்தது என்று பல தலைமுறைகளாகக் கற்பிக்கப்பட்ட மக்கள், ஒரே கப்பல் அவ்வாதிக்கத்தை இரண்டு மாதம் நகைப்புக்கிடமாக்கியதைக் கண்டனர். இதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1906இல், வ. உ. சிதம்பரம்பிள்ளை தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பலை ஓட்ட முனைந்து, அதன் விளைவாகச் சிறையும் செக்கும் கண்டமை மக்கள் நினைவிலிருந்து மறைந்திருக்கவில்லை. கப்பல் என்பது வெறும் வணிகச் சாதனம் அன்று, அரசாட்சியின் உருவமே என்பதைப் பிரித்தானிய அரசே அவர்களுக்குக் கற்பித்திருந்தது. அத்தகைய மக்கள் அக்கப்பல்கள் மூழ்கியபோது மகிழ்ந்தனரெனின், அம்மகிழ்ச்சியை ஆண்டோரின் ஒழுக்கநூலைக் கையிலேந்திக் கண்டிப்பதற்கு நாம் உடன்படமாட்டோம்.

ஆனால் அம்மகிழ்ச்சியின் உள்ளடக்கம் யாது என்பதை உசாவுதல் வேண்டும். எம்டன் பிடித்த வணிகக் கப்பல்களின் மாலுமிகளை முல்லர் முதலில் வெளியேற்றினார். அவர்களைப் பிறிதொரு கப்பலில் ஏற்றித் துறைமுகம் சேர அனுப்பிய பின்னரே கப்பலை மூழ்கடித்தார். கபிங்கா என்னும் கப்பலில் நடுநிலை நாட்டாரின் பொருள்கள் இருந்தமையாலும், அதன் தலைவரின் மனைவியும் குழந்தையும் உடனிருந்தமையாலும் அது விடுவிக்கப்பட்டது. எனவே நடுக்கடலில் எம்டன் வணிகக் கப்பல்களை அழித்த வரலாறு, பொருளழிவின் வரலாறாக இருந்ததேயன்றி உயிரழிவின் வரலாறாக இருக்கவில்லை. ஆதிக்கம் அவமானப்பட்டது, மாலுமி உயிர் தப்பினான். 'எம்டன்' என்னும் சொல்லில் இன்றும் ஒருவகை விளையாட்டுத் தன்மை, பாராட்டோடு கலந்த அச்சம், காணப்படுவதற்கு இதுவே காரணம் என நாம் கருதுகிறோம். அக்கொண்டாட்டத்திற்கு அறவிலை மிகக் குறைவாகவே கொடுக்கப்பட்டது. பிற்கால யுத்தங்களில் அவ்விலை பன்மடங்காக உயர்ந்தது. மொழியோ பழைய விலையிலேயே மகிழ்ச்சியை வாங்கிக்கொண்டிருந்தது.

கதை வளர்ந்த விதம்

கொண்டாட்டம் வரலாற்றை எவ்வாறு மாற்றுகிறது என்பதற்கும் எம்டன் மரபு உதாரணம் தருகின்றது. திருவனந்தபுரத்தில் 1891இல் பிறந்த செண்பகராமன் பிள்ளை எம்டன் கப்பலில் இருந்தார் எனவும், சென்னைமீது குண்டு வீசப்பட்டது அவரது வழிகாட்டலிலே எனவும் தமிழ்நாட்டில் நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருகின்றது. உண்மையில் அவர் 1914 செப்டெம்பரில் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்கான குழுவொன்றை அமைத்துக்கொண்டிருந்தார். பின்னரே பேர்லின் சென்றார். அவரது அரசியற் பணி சிறப்புடையது. அதற்கு இக்கற்பனை வேண்டியதில்லை. எனினும் கதை ஏன் தோன்றிற்று? அந்நியன் ஒருவன் நம் பகைவனை அடித்தமையால் விளைந்த மகிழ்ச்சி நிறைவு தரவில்லை. அடித்த கையும் நம்முடையதாக வேண்டுமென்னும் வேட்கை எழுந்தது. சென்னைவாசிகள் சிலரின் உயிரைக் குடித்த குண்டுவீச்சினை ஒரு தமிழரின் சாதனையாக உரிமை பாராட்டும் நிலைக்கு அவ்வேட்கை கொண்டு சென்றது. வெற்றிக்கு உரிமை கோரும்போது, மாண்டோர்க்கும் பொறுப்பேற்கிறோம் என்பதைக் கதைசொல்வோர் நினைத்துப் பார்க்கவில்லை.

சொல்லின் பிற்கால வாழ்வு இதனினும் வியப்புக்குரியது. தமிழ்நாட்டில் 2006இல் வெளிவந்த 'எம்டன் மகன்' என்னும் திரைப்படம், தமிழ்ப்பெயர் கொண்ட படங்களுக்கு வழங்கப்பட்ட வரிவிலக்கின் பொருட்டு 'எம் மகன்' எனப் பெயர் மாற்றப்பட்டது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழர் நாவிற் பயின்ற சொல் அரசாணைக்கு அந்நியமாயிற்று. ஆனால் அச்சொல்லோடு வந்த மனப்பாங்கை அந்நியமென எவரும் விலக்கவில்லை.

பழைய இலக்கியத்தின் இரு குரல்கள்

இம்மனப்பாங்கு ஜேர்மானியக் கப்பலோடுதான் நம்மிடம் வந்ததென்று கூறுவதற்கில்லை. பகைவனின் பொருளழிவைப் புகழாகப் பாடுதல் நமது வீரயுகக் கவிதையின் இயல்புகளுள் ஒன்று. பகைவர் நாட்டை எரியூட்டுதலை வஞ்சித்திணையின் துறையாகவே இலக்கண நூலார் வகுத்தனர். பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்துப் பதிகம், இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் யவனரைக் கைகளைப் பின்கட்டி, தலையில் நெய்யூற்றி, அவர்தம் விலையுயர்ந்த கலங்களையும் வயிரங்களையும் கவர்ந்ததைப் பெருமையாகப் பேசுகின்றது. சேரனது பொன் கொணரும் கலங்கள் ஓடிய கடலிற் பிறர் கலம் செல்லமாட்டாது என்னும் கருத்து, புறநானூற்றின் 126ஆம் பாட்டில் ஓர் உவமையாக வருகின்றது. கடலைப் பிறர்க்கு அடைத்தல் மன்னனின் மாண்பாகக் கருதப்பட்டமைக்கு இவை சான்றுகளாம்.

எனினும் அதே மரபிலே தயக்கத்தின் குரலும் கேட்கின்றது. புறநானூற்று ஒன்பதாம் பாட்டிற் பாடப்படும் பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, அம்பு தொடுப்பதற்கு முன்னர் பசுக்களையும் பெண்டிரையும் பிணியாளரையும் பிறரையும் பாதுகாப்பான இடம் செல்லுமாறு அறிவித்தவனாகக் காட்டப்படுகின்றான். மாலுமிகளை வெளியேற்றிய பின்னர்க் கப்பலை மூழ்கடித்த முல்லரின் நெறி இதற்கு அயலானதன்று. கலிங்கத்துப்பரணியோ பிறிதொரு வகையில் நம்மைச் சிந்திக்க வைக்கின்றது. அங்கே போர்க்களத்திற் கூழ் அட்டு உண்டு களிப்பன பேய்களே. சயங்கொண்டார் வெற்றியைப் பாடினார். ஆனால் பிணத்தின்மீதான களிப்பை மானிடரிடம் விடாது பேய்களிடம் ஒப்படைத்தார். பிற்காலத்துப் போர்க் கொண்டாட்டங்களிற் பேய்களின் பணியை மனிதரே ஏற்றுக்கொண்டமையை நோக்குமிடத்து, பரணிப் புலவர் நம்மிலும் நுண்ணியராகத் தோன்றுகின்றார்.

ஆயினும் நமது வினாவுக்கு நேரான விடை மணிமேகலையிலேதான் கிடைக்கின்றது. ஆதிரை பிச்சையிட்ட காதையில் வரும் சாதுவன் ஒரு வணிகன். அவன் சென்ற கலம் புயலில் உடைய, பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலையை அடைகின்றான். அவ்விடத்தார்க்குக் கலமுடைதல் ஒரு கொண்டாட்டம்; கரையொதுங்கியோர் அவர்க்கு உணவு, அவர்தம் பொருள்கள் உடைமை. சாதுவன் நாகர் மொழியை அறிந்தவனாதலின் உயிர் தப்புகின்றான். அவர்தம் தலைவனோடு உரையாடுகின்றான். அவன் அத்தலைவனிடம் வேண்டுவது மிகக் குறிப்பானது: கலமுடைந்து உயிர் பிழைத்துக் கரைசேர்வோரைக் கொல்லாது காத்தல் வேண்டும் என்பதே அது. அன்பு பற்றிய பொதுவுரையோடு அவன் நின்றுவிடவில்லை. கப்பல் உடைந்தபின் கடலில் மிதக்கும் மனிதனைச் சுட்டிக்காட்டுகின்றான். சாத்தனார் இக்காட்சியில் இன்னொன்றையும் காட்டுகின்றார். நாகர் கொடியரானமைக்குக் காரணம் அவர்தம் பசி. பசிக்கு விடை கூறாது அறம் கூறவியலாது என்பதைத் தலைவனின் எதிர்வினாவே உணர்த்துகின்றது. ஊனும் கள்ளும் இன்றேல் வாழ்வெங்ஙனம் என அவன் கேட்கின்றான். சாதுவனும் அதனைத் தட்டிக்கழிக்காது, மூத்து விளிந்த விலங்கின் ஊனை விலக்கவில்லை. பொருளாதார அடிப்படையை ஒப்புக்கொண்டு அதன்மீது கட்டப்படும் அறமே நிலைபெறும் என்னும் இக்கருத்து, முற்போக்கு விமரிசனத்திற்கு ஏற்புடையதே.

தொன் கணக்கும் மனிதக் கணக்கும்

இரண்டாம் உலக யுத்தத்தில் வணிகக் கப்பலழிவு தொன்னிற் கணக்கிடப்படும் பெருந்தொழிலாயிற்று. 1936ஆம் ஆண்டின் இலண்டன் உடன்படிக்கை, நீர்மூழ்கிக் கப்பல்களும் வணிகக் கப்பலை மூழ்கடிப்பதற்கு முன் அதிலுள்ளோரைப் பாதுகாப்பான இடத்திற் சேர்த்தல் வேண்டும் என விதித்திருந்தது. யுத்தம் தொடங்கியதும் அவ்விதி எல்லாத் தரப்பாராலும் மீறப்பட்டது. 1946இல் நியூரம்பேர்க் நீதிமன்றம் ஜேர்மானியக் கடற்படைத் தளபதி டோனிற்சுக்குத் தண்டனை விதித்தபோது, நீர்மூழ்கிப் போர்விதிகளை மீறியமைக்காகத் தண்டனையைக் கூட்டவில்லை. பிரித்தானியரும் அமெரிக்கரும் அவ்வாறே போரிட்டமை மன்றில் எடுத்துக்காட்டப்பட்டமையே காரணம்.

அக்காலத்தே கண்டி இவ்வரலாற்றின் ஓரத்தில் நின்ற ஊரன்று. 1944இல் தென்கிழக்காசியக் கூட்டுப்படைகளின் தலைமையகம் பேராதனைத் தாவரவியற் பூங்காவில் அமைந்தது. அவ்வாண்டே திருகோணமலையிலிருந்து புறப்பட்ட பிரித்தானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் மலாக்கா நீரிணையிலும் சுமாத்திராக் கரையிலும் யப்பானிய வணிகக் கப்பல்களை வேட்டையாடின. அவற்றுள் ஒன்றான ட்ரேட்விண்ட், செப்டெம்பர் 18ஆந் திகதி சுமாத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால் யுன்யோ மாரு என்னும் சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. தொன் கணக்கில் 5,065. சாதாரண வெற்றி. ஆனால் அக்கப்பலின் வயிற்றில் யப்பானியர் அடைத்து வைத்திருந்தோர் ஏறத்தாழ 4,200 யாவானியக் கட்டாயத் தொழிலாளரும், ஒல்லாந்தர், பிரித்தானியர், அவுஸ்திரேலியர் முதலிய 2,300 போர்க்கைதிகளுமாவர். சுமாத்திராவில் இருப்புப்பாதை அமைப்பதற்காக அவர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். ஏறக்குறைய 5,600 பேர் மாண்டனர். நீர்மூழ்கியிலிருந்தோர்க்கு இது தெரியாது. கப்பலோ 1913இல் ஸ்கொட்லாந்தின் போர்ட் கிளாஸ்கோவிற் கட்டப்பட்டது. பிரித்தானியத் தொழிலாளர் கட்டிய கப்பலில் ஆசியக் கூலிகள் அடைக்கப்பட்டு, பிரித்தானியக் குண்டினால் மாண்டனர். கணக்கேட்டில் அது 'பகைவனின் இழப்பு' எனப் பதியப்பட்டது.

எமது வாதத்தின் மையம் இதுவேயாகும். பகைவனின் கப்பலிற் பகைவன் மட்டும் இருப்பதில்லை. பெரும்பாலும் அங்கிருப்போர் பகைவனால் அடக்கப்பட்டோரும், கூலிக்கு அமர்த்தப்பட்டோருமே. பிரித்தானிய வணிகக் கப்பல்களின் கொதிகலன் அறைகளில் நிலக்கரி அள்ளியோருட் பெருந்தொகையினர் வங்காளம், குஜராத், கோவா முதலிய பகுதிகளின் ஏழை மக்கள். 'லஸ்கர்' என அழைக்கப்பட்டோர். இரண்டாம் யுத்தத்திற் கடலில் மாண்டு கல்லறையும் பெறாத இந்தியக் கடலோடிகள் 6,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பம்பாயிலும் சிட்டகொங்கிலும் நினைவேடுகளிற் பொறிக்கப்பட்டுள்ளன. குண்டு பாய்வது நீர்மட்டத்துக்குக் கீழே. அங்கேதான் அவர்கள் வேலை செய்தனர். கொடி பறப்பது மேலே. கொண்டாடுவோர் கொடியைக் காண்கின்றனர். கொதிகலன் அறையைக் காண்பதில்லை.

மலையிலிருந்து காணும் கடல்

கடலோரத்தாருக்கு உரிய இப்பிரச்சினையை மலைநாட்டிலிருந்து பேசுவதேன் என வினவலாம். கடலைக் காணாதாரே கடலை மிகுதியும் நம்பி வாழ்கின்றனர் என்பது விடை. கண்டி இராச்சியம் 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் ஒல்லாந்தரிடம் கரையோரத்தை முற்றாக இழந்தபோது, உப்புக்கும் பிறர் கையை எதிர்நோக்க வேண்டியதாயிற்று. கடல்வழியை அடைத்தல் மலைமக்களின் அடுப்பை அணைக்கும் என்பதை அக்காலமே உணர்த்திற்று. பிற்காலத்தில் ஹுன்னஸ்கிரியவிலும் அதனைச் சூழ்ந்த தும்பறைத் தோட்டங்களிலும் குடியேற்றப்பட்ட தமிழ்த் தொழிலாளர் கடலைக் கடந்தே வந்தனர். அவர்கள் பறித்த கொழுந்து கப்பலேறிச் சென்றது. அவர்கள் உண்ட அரிசி கப்பலில் வந்தது. தோட்டத்துக் களஞ்சியத்தில் அளந்து கொடுக்கப்பட்டு, விலை கூலியிற் கழிக்கப்பட்ட அவ்வரிசியின் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்ததாகும்.

1942 மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. ஏப்ரல் 5ஆந் திகதி கொழும்பும், 9ஆந் திகதி திருகோணமலையும் தாக்கப்பட்டன. அதே நாள்களில் வங்காள விரிகுடாவில் யப்பானியக் கடற்படை இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. வெள்ளையன் தோற்றான் என்று ஆசியாவெங்கும் அன்று எழுந்த மகிழ்ச்சியில் வரலாற்று நியாயம் இருந்தது. ஆனால் பர்மாவின் வீழ்ச்சியும் கடல்வழியின் அடைப்பும் இலங்கையில் அரிசிப் பங்கீடாகவும், தோட்டத் தொழிலாளரின் உணவில் அரிசியின் இடத்தைப் பிடித்த கோதுமை மாவாகவும் உருவெடுத்தன. எசமானின் இழப்பு எசமானின் உணவு மேசையைச் சென்றடைவதற்கு முன்னரே லயத்து அடுப்பைச் சென்றடைந்தது. இழப்பின் சுமை மேலிருந்து கீழே இறங்குவது. கொண்டாட்டத்தின் மொழியோ அதனை மேலேயே நிறுத்திக் காட்டுவது. இம்முரண்பாட்டை வெளிப்படுத்துதல் வர்க்க நோக்குடைய விமரிசனத்தின் கடமையாகும்.

அண்மைக்கால எதிரொலிகள்

இது பழங்கதையன்று. இலங்கையின் உள்நாட்டுப் போரில், 1997 செப்டெம்பரில், புல்மோட்டைக் கரையில் கனிமமணல் ஏற்றிக்கொண்டிருந்த கோடியலிற்றி என்னும் வணிகக் கப்பலைக் கடற்புலிகள் தாக்கியபோது சீன மாலுமிகள் உட்படப் பலர் கொல்லப்பட்டனர். 2007இல் விடுதலைப் புலிகளுக்குப் போர்த்தளபாடங்களை ஏற்றி வந்தவை எனக் கடற்படை அறிவித்த கப்பல்கள் ஆழ்கடலில் அழிக்கப்பட்டன. இரு நிகழ்ச்சிகளும் ஒரே தன்மையின அல்ல. போரியல் நோக்கில் அவற்றை ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது. ஆனால் ஒவ்வொன்றையும் வெற்றியாகவே எடுத்துரைத்தோர் இருந்தனர். இரு மொழிகளிலும் எழுந்த அவ்வெற்றியுரைகளில் நீரில் இறங்கிய மனிதனுக்கு இடமிருக்கவில்லை. மொழிகள் இரண்டானாலும் மௌனம் ஒன்றே.

முற்போக்காளரும் இவ்விடத்திற் தம்மைச் சோதித்தல் வேண்டும். 2023 நவம்பர் முதல் யெமனின் ஹூதிகள் செங்கடல் வழிச் சென்ற வணிகக் கப்பல்களைத் தாக்கியபோது, காசா மக்களின் துயரத்தால் உள்ளம் கொதித்தோர் பலர் அதனை வரவேற்றனர். அக்கொதிப்பு நியாயமானது, அதனை நாமும் பகிர்ந்துகொள்கிறோம். ஆனால் 2024 மார்ச் 6ஆந் திகதி ட்ரூ கொன்பிடன்ஸ் என்னும் கப்பல் தாக்கப்பட்டபோது மாண்ட மூவரும் பிலிப்பைன்ஸ், வியற்நாம் நாட்டுக் கடலோடிகள். அக்கப்பலிலிருந்தோருள் இந்தியரும் நேபாளியரும் இலங்கையரும் இருந்தனர். ஆசியாவின் ஏழை நாடுகள் உலகுக்கு ஏற்றுமதி செய்யும் மலிவான உழைப்பே இன்று கடலிற் செல்கின்றது. பேரரசை எதிர்ப்பதாகக் கூறி ஏவப்படும் குண்டு முதலில் அவ்வுழைப்பாளியைச் சந்திக்கின்றது.

இதற்கு ஒரு மறுப்பு கூறப்படலாம். கொண்டாட்டத்தை விலக்குதல் வலியோனுக்கே வசதியானது. மெலியோனிடமிருந்து அவனது சிறு மகிழ்ச்சியையும் பறிப்பது எனலாம். இம்மறுப்பை இலேசாகத் தள்ளிவிடுதல் தகாது. ஆண்டோர் கொண்டாட்டத்தைத் தமது ஆயுதமாக்கிய வரலாறும் உண்டு. 1915 மே 7இல் லுசித்தானியா மூழ்கி 1,198 பேர் மாண்டபின், மியூனிக் நகரச் சிற்பி கார்ல் கோற்ஸ் அங்கதமாக ஒரு பதக்கம் வார்த்தார். படைக்கலம் ஏற்றிய கப்பலிற் பயணிகளையும் ஏற்றிய கம்பனியின் பேராசையைச் சாடுதல் அவர் கருத்து. பிரித்தானியர் அதனை இலட்சக்கணக்கிற் பிரதி செய்து, ஜேர்மானியர் பிணத்தின்மேல் மகிழ்கின்றனர் எனப் பரப்பினர். பிறரது கொண்டாட்டத்தைக் கண்டிப்போர் தமது முற்றுகையால் பட்டினி கிடந்தோரைப் பற்றி வாய் திறக்கவில்லை. எனவே யாம் வேண்டுவது ஆண்டோரின் கண்டனத்தை எதிரொலிப்பதன்று. ஆதிக்கத்தின் வீழ்ச்சியில் மகிழ்வதும் மனிதரின் மூழ்குதலில் மகிழ்வதும் இருவேறு மகிழ்ச்சிகள் என்பதை மெலியோனே தன் மொழியில் பிரித்தறிதல் வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். அப்பிரித்தறிவு அவனது வலிமையைக் குறைப்பதன்று. அவனை எசமானிடமிருந்து வேறுபடுத்துவது அதுவே.

இவ்வேறுபாட்டை உணர்ந்த ஒரு கணம் எம்டன் வரலாற்றிலேயே உண்டு. எம்டனை வென்ற சிட்னி, காயமுற்ற ஜேர்மானியரை ஏற்றிக்கொண்டு 1914 நவம்பர் நடுப்பகுதியிற் கொழும்புக்கு வந்தது. துறைமுகத்திற் போர்வீரர் நிறைந்த கப்பல்கள் ஆரவாரிக்கக் காத்திருந்தன. சிட்னியின் தலைவர் குளொசொப், தம் கப்பலிற் காயமுற்றோர் கிடப்பதனால் எவரும் ஆரவாரிக்க வேண்டாமென முன்கூட்டியே செய்தி அனுப்பினார். கப்பல் மௌனத்தினூடே துறைமுகத்துட் புகுந்தது. அவர் தம் செயலுக்கு வருந்தினார் அல்லர். பேரரசின் ஊழியராகவே இருந்தார். ஆயினும் வென்றமை வேறு, ஆரவாரித்தல் வேறு என்பதை அவர் அறிந்திருந்தார். பகைவர்க்குத் துன்பம் நேர்ந்தவிடத்து உதவுதலை வீரத்தின் கூர்மையெனக் கண்ட வள்ளுவர் குரல் அம்மௌனத்தில் நமக்குக் கேட்கின்றது. அன்று கொழும்பிலே கேட்ட ஆரவாரமற்ற அமைதிக்குத் தமிழிற் சொல் பிறக்கவில்லை. ஆரவாரத்திற்கே 'எம்டன்' என்னும் சொல் பிறந்தது.

தொகுத்து நோக்கின், 'எம்டன்' என்னும் சொல்லை நாவிலிருந்து அகற்றுதல் வேண்டுமென நாம் கூறவில்லை. அடிமைப்பட்ட மக்களின் ஒரு காலத்துத் துணிவை அது சுமந்து நிற்கின்றது. ஆனால் போர்வெற்றியைப் பாடும் எப்படைப்பையும், அது எம்மொழியினதாயினும் எத்தரப்பினதாயினும், ஓர் அளவுகோல் கொண்டு மதிப்பிடுதல் விமரிசகரின் பொறுப்பாகும். மூழ்கிய கலத்தின் பெயரையும் தொன்னையும் கூறும் அப்படைப்பு, பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு மிதப்பவனைக் காண்கிறதா என்பதே அவ்வளவுகோல். காணாத படைப்பு எத்துணை உணர்ச்சிமிக்கதாயினும் நாகர் தலைவனின் பழைய நிலையிலேயே நிற்கின்றது. அத்தலைவனோ சாதுவனின் சொல்லைக் கேட்டு மாறியவன்.